பட்டம் தராத பதக்கம்

எங்கள் நாட்டில் கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் மணமக்கள் பெயரைத் தேடுகிறவர்கள் குறைவு. கண் முதலில் பட்டங்களைத்தான் தேடும். டத்தோ இருக்கிறாரா, டத்தோஸ்ரீ இருக்கிறாரா, டான்ஸ்ரீ யாராவது முன்னிலை வகிக்கிறாரா. கிள்ளானில் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தால் மல்லிகைக்கு முன்னால் பட்டம் மணக்கும். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, லோரி ஓட்டி, பிறகு லோரி வாங்கி, கடைசியில் ஒரு நாள் தான் நடந்துபோகும்போது நாலு பேர் நாற்காலியைவிட்டு எழுந்து நிற்கிறார்கள் என்றால் அது லேசான காரியம் இல்லை. அந்த எழுந்து நிற்றலுக்காக அப்பனும் மகனுமாக வேர்த்திருக்கிறார்கள்.

என் மகளைக் கேட்டு வந்த வீட்டுக்காரர் அப்படி ஒரு டத்தோ. கிள்ளானில் லோரி கம்பெனி. நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பார், சாப்பிடும்போது பேசமாட்டார். பத்திரிகை வாசகம் எழுதுவதற்காக அவரும் அவர் மனைவியும் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கள் ஜன்னலை ஒட்டி மோனோரயில் போகும். போகும்போதெல்லாம் டீ கிளாஸ்கள் சன்னமாக நடுங்கும். வந்தவர்கள் முதல் தடவை கிளாஸைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் தடவை விட்டுவிடுவார்கள்.

"உங்க பக்கம் யாரைப் போடுறது சம்பந்தி?" என்று டத்தோ கேட்டார்.

"பொண்ணோட தாய்மாமன். என் அண்ணன்."

"என்ன பண்றாரு?"

"ஆர்மியில இருந்தாரு. ரிட்டையர் ஆயிட்டாரு."

"அப்படியா. டத்தோ கீத்தோ ஏதும் உண்டா?"

இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் என் மகள் சமையலறையிலிருந்து, கையில் கரண்டியோடு, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "மாமா டத்தோவுக்கெல்லாம் மேல, அங்கிள்."

சொல்லிவிட்டு அண்ணன் வாங்கிய விருதின் மலாய்ப் பெயரை முழுசாக, ஓர் அசை விடாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

டத்தோ கைப்பேசியை எடுத்துத் தேடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். படித்தார். மறுபடியும் படித்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. ஏனென்றால் நாட்டின் மரியாதை வரிசையில் ஆக மேலே, எல்லாப் பட்டங்களுக்கும் முன்னால், துன் என்கிற பெரிய பட்டத்துக்கும் முன்னால் நிற்பது அந்த வீர விருது. ராணுவத்தானுக்கும் உண்டு, சாதாரண ஆளுக்கும் உண்டு. தன் உயிரை ஒரு பொருட்டாக நினைக்காமல் ஏதோ ஒன்றைச் செய்திருக்க வேண்டும். ஒரே ஒரு விநோதம். அதோடு பட்டம் எதுவும் வராது. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து போட்டுக்கொள்ளலாம். பெயருக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. கூப்பிடுகிறவன் வெறும் பெயரைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

"அடேயப்பா! இவ்ளோ நாளா மூச்சு விடலையே சம்பந்தி நீங்க. துன்னுக்கே மேலயாம் லா. முதல் வரியில போடணும் இவரை. பேரு சொல்லுங்க."

அவர் மனைவி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். டத்தோவின் மனைவி டத்தின். நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் அண்ணனின் பெயரைச் சொன்னேன். இப்போதைய பெயரை.

பேனா காகிதத்தின் மேல் நின்றது. வெளியே ஒரு ரயில் போயிற்று. கிளாஸ்கள் நடுங்கி அடங்கின.

"மாறிட்டாரா?" என்று டத்தின் கேட்டார். உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிற குரல்.

"ஆமா. கல்யாணத்தப்போ. அண்ணி மலாய்க்காரங்க."

பிறகு டத்தின் தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. எங்க பக்கம் பெரியவங்க நிறைய பேர் வருவாங்க. மணமேடையில, அக்கினி முன்னால, அவர் கையால மாலைன்னா பேசுவாங்க. மாமன் முறைக்கு வேற யாராச்சும் இருப்பாங்கல்ல? இவரு முன்வரிசையில உட்காரட்டும். மெடலோட வரட்டும். எங்களுக்கும் பெருமைதானே."

மெடலோட. அவர்கள் போன பிறகும் அந்தச் சொல் மேசைமேல் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. மெடலோடு வந்தால் அண்ணன் நாட்டின் முதல் மனிதர். மெடல் இல்லாமல் வந்தால் மதம் மாறின ஒருத்தர். என் மகளின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போகிற தாய்மாமனாக அவர் வருவதற்கு இந்த இரண்டிலும் வழி இல்லை.

மகள் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "மாமா மாலை போடலன்னா நான் தனியா நடந்தே மேடைக்குப் போறேன்மா. வேற யார் கையும் புடிக்கமாட்டேன்."

என் கணவர், "கல்யாணம் நிக்கற மாதிரி எதுவும் பேசாத" என்றார். அவர் பயந்தவர் இல்லை. மண்டபத்துக்கும் சமையலுக்கும் சொல்லியாயிற்று என்கிற மனிதர்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல அதிகம் இல்லை என்பதுதான் அவரைப் பற்றிய செய்தி. எங்கள் அப்பா காப்பாரில் செம்பனைக் குலை வெட்டியவர். அண்ணன் தோட்டத்தைவிட்டுத் தப்பிக்க ராணுவத்தில் சேர்ந்தார். அப்படித்தான் சொல்வார், நாட்டுப்பற்று என்று சொன்னதே இல்லை. வடக்கே எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை ஓயாத காலம் அது. ஒரு நாள் அவர்கள் குழு பதுங்கித் தாக்கியவர்களிடம் சிக்கிக்கொண்டது. தப்பி வெளியே வந்துவிட்டவர்களில் அண்ணனும் ஒருவர். உள்ளே அடிபட்டுக் கிடந்தவர்களுக்காக அவர் திரும்பிப் போனார். தூக்கிக்கொண்டு வந்தார். மறுபடியும் போனார். இடுப்பில் சில்லு பாய்ந்த பிறகும் போனார். அவர் தூக்கி வந்தவர்களில் மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு, சரவாக்கிலிருந்து வந்த ஒரு பையன் உண்டு. பேப்பரில் ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். அண்ணனைக் கேட்டால் இரண்டு சொல்தான். "திரும்பிப் போனேன்."

"ஏன்ணே போனீங்க?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"கூப்பிட்டானுங்க" என்றார்.

அரண்மனையில் பதக்கம் வாங்கிய நாளில் அப்பா வேறொருவரிடம் கோட்டு இரவல் வாங்கிப் போட்டிருந்தார். கைகள் நீளமாகி விரல் நுனி மட்டும் தெரியும். அந்தப் படத்தை எங்கள் காப்பார் வீட்டு முன்னறையில் ஆணி அடித்து மாட்டினார்கள். தோட்டமே வந்து பார்த்தது. அடுத்த வருஷம் அண்ணன் ராணுவ ஆஸ்பத்திரியில் தன்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னார். சட்டப்படி அவர் இஸ்லாத்துக்கு மாறியாக வேண்டும். மாறினார். அப்பா கத்தவில்லை. படத்தைக் கழற்றினார். ஆணியை மட்டும் விட்டுவைத்தார். ஏதோ கடைக்காரன் கொடுத்த நாள்காட்டியை அதில் மாட்டினார். "என் மகன் அந்தக் காட்டுலேயே போயிட்டான்னு நெனச்சுக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் அண்ணனோடு பேசவில்லை. அம்மா மறைவாகப் பேசினார். நான் வெளிப்படையாகவே பேசினேன், சண்டையும் போட்டேன்.

அப்பா போனபோது அண்ணன் வந்தார். கிள்ளான் சுடுகாட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு வெளியே நின்றார். பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் வரவும் சொல்லவில்லை. கொள்ளி வைத்தது எங்கள் சித்தப்பா மகன், மேருவில் தொழிற்சாலை லோரி ஓட்டுகிறவன், எனக்குத் தம்பி முறை. உள்ளே அது நடந்துகொண்டிருந்தபோது நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். அண்ணன் நேராக நின்றுகொண்டிருந்தார், கைகள் தொடையோரம் ஒட்ட. ராணுவத்தில் நிற்பார்களே, அப்படி. தீ எழும்பிய பிறகும் அப்படியே. கூப்பிட்டால் திரும்பிப் போகிற ஆள் அவர். அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை.

தாய்மாமனுக்கு முதல் அழைப்பு, தட்டோடு போக வேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பத்திரிகை. அண்ணன் இப்போது காப்பாரில்தான் இருக்கிறார், கடலோரம் போகிற சாலையில், மின்நிலையத்துப் புகைபோக்கி தெரிகிற ஒரு டெரஸ் வீடு. என் மகளைச் சின்ன வயதில் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து அந்தப் புகைபோக்கியைக் காட்டி, அங்கேதான் மேகம் செய்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தார். அவள் பள்ளிக்கூடத்தில் எழுதிவைத்துவிட்டு வந்து அழுதாள்.

அண்ணி வாசலுக்கு வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வா அடேக்" என்றார். என்னை எப்போதும் தங்கை என்றுதான் கூப்பிடுவார், மலாயில். மீதிப் பேச்சு தமிழ். எத்தனையோ வருஷம் அண்ணனிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட தமிழ். "சாப்பாடு சைவம்தானே? அப்ப பிரச்னை இல்ல லா. நான் நல்லா சாப்பிடுவேன்."

அண்ணன் பத்திரிகையைப் பார்த்தார். தன் பெயர் முதல் வரியில் இருந்ததைப் பார்த்தார். பின்னால் இரண்டு எழுத்தையும் பார்த்தார். தாய்மாமன் என்ற சொல் எங்கேயும் இல்லை என்பதையும் பார்த்திருப்பார்.

"நான் என்ன செய்யணும்?" என்றார்.

மூடி மறைத்தால் அது அவமரியாதை என்று தோன்றிற்று. அவர்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். முன்வரிசை, சோபா, பொன்னாடை, மெடல். மேடையில் நிற்கப்போவது மேருத் தம்பி என்பதையும் சொன்னேன்.

அவர் காது குடைந்துகொண்டே கேட்டார். பிறகு அண்ணியைப் பார்த்து, "அந்த மெடலை எடு. அதைத்தான் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "அதுக்கு ஒரு சேர் போட்டுருங்க. சாப்பாடு வேணாம்" என்றார்.

சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வராதீங்கண்ணே. உங்களுக்குப் பிடிக்கலன்னா வராதீங்க. நான் பிள்ளைகிட்ட சொல்லிக்கிறேன்."

"பிள்ளை என்ன சொல்லுது?"

"உங்க கை இல்லன்னா தனியா நடப்பாளாம்."

அவர் எழுந்துபோய் வாசலில் நின்று புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிபட்ட இடுப்புப் பக்கத்துக் காலை ஊன்றாமல் மற்ற காலில் நிற்பது அவர் வழக்கம். அண்ணி தையல் பெட்டியைத் திறந்து பதக்கத்தை எடுத்தார். பெருமைக்குரிய இடத்தில் அது இருந்ததே இல்லை. ரிப்பன் ஓரம் பிரிந்திருந்ததால் தைக்கலாம் என்று எப்போதோ அங்கே போட்டது. பின்பக்கக் கம்பி ஒடிந்திருந்தது. அண்ணி கோணலான ஒரு பெரிய ஊக்கை அதில் கோத்துப் பார்த்தார். "இது நிக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு வருவாரு அடேக். அவரு உள்ளுக்குள்ள இன்னும் அந்தச் சுடுகாட்டு வாசல்லதான் நிக்கிறாரு. எனக்குத் தெரியும்" என்றார். ஊசியில் நூல் கோத்தபடியே அதைச் சொன்னார். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண நாள். கிள்ளான் மண்டபம். நாதஸ்வரம் காதைப் பிளந்தது, ஏர்கோன் குளிர் எலும்பைப் பிளந்தது. முன்வரிசையில் சிவப்பு சோபாக்கள். டத்தோக்கள் வந்து வந்து அமர, எழ, கைகுலுக்க, அமர. அண்ணன் சாம்பல் நிறக் கோட்டு. இடது மார்பில் அது. அண்ணி பச்சை பாஜு கூரோங் அங்கி, தலைத்துணி ஓரத்தில் யாரோ குத்திவிட்ட ஒரு மல்லிகைச் சரம். இருவரும் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போல.

மேடையோரம் மேருத் தம்பி புதுப் பட்டு வேட்டியில், மாமன் மாலை வைத்த தட்டோடு நின்றான். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை; பெல்ட் போட்டிருந்தான். வாசலறையில் என் மகள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அலங்காரம் செய்த பெண், "கண்ணு மை அழியுது ஆன்டி, சொல்லுங்க" என்று என்னிடம் முறையிட்டாள்.

அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். பாவம், எங்கள் ஊர் அறிவிப்பாளர்கள் யார் பெயருக்கு முன்னால் என்ன என்று தப்பாமல் சொல்வதற்கே கூலி வாங்குகிறவர்கள். ஒரு பட்டம் குறைந்தால் அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வராது. அவர் கையிலிருந்த துண்டுத்தாளில் முதல் பெயருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. டத்தோவே எழுதிக் கொடுத்தது. ஆனாலும் எழுதும்போது விட்டுப்போயிருக்கும் என்று அறிவிப்பாளர் நினைத்திருக்க வேண்டும். நாட்டிலேயே ஆக உயர்ந்த விருது வாங்கிய ஆள், வெறும் பெயரா? தொண்டையைச் செருமினார்.

"நம் நாட்டின் மிக உயரிய வீர விருதைப் பெற்ற மாபெரும் வீரர், மாண்புமிகு டத்தோ..." என்று ஆரம்பித்து அண்ணனின் பெயரை முழங்கினார். "மேடைக்கு அருகே வந்து பொன்னாடையை ஏற்றுக்கொள்ளும்படி அன்போடு அழைக்கிறோம்!"

அண்ணன் எழவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"டத்தோ அவர்களை அழைக்கிறோம்!"

பக்கத்துச் சோபாவில் உண்மையான டத்தோ ஒருவர், பெயரைச் சரியாகக் கேட்காமல், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பாதி எழுந்தார். அவர் மனைவி இழுத்து உட்காரவைத்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் அப்போதும் அசையவில்லை. பிறகு இதைப் பற்றிக் கேட்டபோது, "யாரோ ஒரு டத்தோவைக் கூப்பிட்டாங்க. என் பேரு அவருக்கும் இருக்கும்போலன்னு நெனச்சேன்" என்றார். கிண்டலா, நிஜமா என்று அவர் முகத்தில் எப்போதும் தெரியாது.

பொன்னாடையைக் கையில் விரித்தபடி சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஒரு மனிதர் விரித்த பொன்னாடையோடு நிற்க முடியும். அதற்குள் மேடையிலிருந்த ஐயருக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்கு டத்தோவும் தெரியாது, விருதும் தெரியாது, நல்ல நேரம் மட்டும்தான் தெரியும். மைக் இல்லாமலே கத்தினார்.

"பொண்ணோட தாய்மாமா எங்கே? வாங்கோ! நேரம் ஆறது!"

அண்ணன் எழுந்தார்.

யோசித்து எழவில்லை. உடம்பு எழுந்தது. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, எழுந்து நின்று, நொண்டி நொண்டி, அந்தச் சிவப்புக் கம்பளத்தில் நேராக மேடையைப் பார்த்து நடந்தார். பொன்னாடையைத் தாண்டிப் போனார். சம்பந்தி ஒதுங்கி வழிவிட்டார். ஒரு நிமிஷம் முன்னால் மாபெரும் வீரர் என்று மைக்கில் சொல்லவைத்த ஆளை, அத்தனை பேர் பார்க்க, எப்படி மறிப்பது? மாலைத் தட்டோடு நின்ற மேருத் தம்பியின் முன்னால் போய் அண்ணன் நின்றார். இரண்டு மாமன்கள், ஒரு மாலை.

தம்பிதான் முதலில் பேசினான். முரட்டுக் குரல், தாழ்த்தினாலும் தூரம் கேட்கும். "ஒரு தடவை உங்க இடத்துல நின்னேன்ணே. என் பெரியப்பாவுக்கு நெருப்பு வச்சேன். கை இன்னும் சுடுது." தட்டை நீட்டினான். "இது உங்களுது. எனக்கு இந்த வேட்டியும் நிக்க மாட்டேங்குது."

அண்ணன் தட்டைப் பார்த்தார். ரோஜாவும் சம்பங்கியும் ஜரிகையும் சேர்த்துக் கட்டிய கனமான மாலை. எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்தார். என்னைத் தேடினார். நான் மேடைப்படி ஓரம் நின்றிருந்தேன். கோட்டின் மார்பில் கைவைத்து, அண்ணி குத்திய ஊக்கைத் தட்டுத்தடுமாறிக் கழற்றி, பதக்கத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

"மாலையில சிக்கும். புடி."

அவ்வளவுதான் சொன்னார். கடையில் வாங்கிய சாமானைக் கொடுப்பதுபோல. ஆனால் அவர் எதைக் கழற்றினார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மண்டபத்தில் அவரை யாரும் எதுவும் சொல்ல முடியாமல் காத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அது இல்லாமல் போனதும், பின்வரிசையில் ஒரு குரல், "இவரு மாறினவரு ஆச்சே" என்றது. அந்தக் குரல் அவருக்கும் கேட்டிருக்கும். அவர் மாலையை எடுத்துக்கொண்டார்.

டத்தின் எழுந்தார். நேராக மேடைப்படிக்கு வந்தார். அப்போதுதான் என் மகளை அழைத்து வந்திருந்தார்கள். அண்ணன் அவள் கழுத்தில் மாலையைப் போட்டார், ஒரு பக்கம் தாழ, சரிசெய்தார். அவள் கை நீட்டினாள், பிடித்துக்கொண்டார். முதல் படியில் ஏறும்போது அவளுடைய புடவைக் கொசுவம் படி ஓரத்தில் மாட்டிக்கொண்டது. டத்தின் குனிந்து அதை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எடுத்துக்கொண்டேன்.

மேடையில் அண்ணன் அவளை மணையில் உட்காரவைத்துவிட்டுப் பின்வாங்கி ஓரமாக நின்றார். அக்கினிப் பக்கம் வரவில்லை, மந்திரம் சொல்லவில்லை. அவருக்கு அவர் எல்லை தெரியும். கைகள் தொடையோரம் ஒட்ட, நேராக. அந்த நிற்பை நான் முன்பு ஒரு முறை பார்த்திருக்கிறேன். இப்போது வாசலுக்கு உள்ளே.

கெட்டிமேளம் என்றார்கள். எல்லோரும் அட்சதை தூவினார்கள். என் வலது கை மூடியிருந்தது. திறந்தால் கீழே விழுந்துவிடும். இடது கையால் தூவினேன். அது தப்பு என்று யாரோ உறவுக்காரப் பெண் முணுமுணுத்தாள். ஊக்கு திறந்திருந்தது, உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தது. ரிப்பனில் ஒரு பொட்டு ரத்தம் பட்டதை மண்டபம் காலியானபிறகுதான் பார்த்தேன்.

அன்றைக்குச் சாப்பாட்டுக் களேபரத்தில் அதைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனது. அவரும் கேட்கவில்லை. அண்ணி மூன்று முறை பாயசம் வாங்கியதும், வேட்டியைக் கடைசியில் கழற்றி வைத்துவிட்டுக் கால்சட்டையோடு தம்பி அண்ணனுக்குப் பக்கத்தில் இலையில் உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது. தம்பி தன் இலையிலிருந்த அப்பளத்தை அவர் இலையில் வைத்தான்.

மறுநாள் கூப்பிட்டேன். "அண்ணே, உங்க மெடல் என்கிட்ட இருக்கு. ரிப்பன்ல ரத்தம் பட்டிருச்சு. துவைக்கலாமா?"

"யாரு ரத்தம்?"

"என்னோடதுதான். ஊக்கு குத்திருச்சு."

"அப்ப இருக்கட்டும்" என்றார். "ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் வரேன். வந்து பார்த்துக்கிறேன்."

அப்பா போனதிலிருந்து அவர் என் வீட்டுப் படி ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வந்தார். மோனோரயில் போயிற்று, அவர் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ரயிலுக்கும் பிடித்துக்கொண்டார். மகள் இல்லாத வீட்டில் நாங்கள் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது பதக்கத்தை எடுத்து வந்து நீட்டினேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"அங்கேயே வை. அடுத்த தடவை வர்றப்போ எடுத்துக்கிறேன்."